தேவையற்ற பேச்சு

நடுங்குகிற நெஞ்சிலிருந்து நல்ல கோடு வராது. ஆஸ்பத்திரியின் ஈசிஜி அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வயர் அக்கா இதைத் தெரிந்துகொண்டார். படுக்கவைத்த ஆள் பயந்துபோய் உடம்பை இறுக்கிக்கொண்டால், தாளில் ஓடும் கோடு சிலிர்த்த பூனை வால் மாதிரி வரும். அதை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் ஒன்றும் சொல்ல முடியாது. திருப்பி எடுக்கச் சொல்வார்கள். வாசலில் இன்னும் முப்பது பேர் சீட்டோடு நிற்பார்கள். ஆகவே அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்டிக்கரை ஒட்டும்போதே ஆளுக்குப் பேச்சுக் கொடுத்துவிடுவது.

"கூட வந்திருக்கிறது மகளா, மருமகளா?"

"மருமக."

"அப்படியா? வெளிய அழுதுட்டு நிக்கிறதைப் பாத்தா மகள்னு நினைச்சேன். நல்லாத்தான் வெச்சிருக்கீங்க மருமகளை."

படுத்திருக்கும் அம்மாள் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில் அக்கா பொத்தானை அழுத்துவார். கோடு தெளிவாக வந்து விழும்.

இப்படி இருபத்தொரு வருடம். பள்ளிப் படிப்புக்கு மேல் ஒரு வருடச் சான்றிதழ்ப் பயிற்சி, அவ்வளவுதான் அவர் படித்தது. ஆனால் பெரிய மருத்துவர்களே "அக்கா எடுத்ததா? அப்ப திருப்பி எடுக்க வேண்டாம்" என்று சொல்லும் அளவுக்குப் பேர் வாங்கியிருந்தார். தோளில் எப்போதும் ஒரு கொத்து வயர் தொங்கும். அதனால் வந்த பட்டப்பெயர். "என் கையால எடுத்தது பொய் சொல்லாது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். பெருமைக்குச் சொல்வதுதான். ஆனாலும் உண்மை.

மூன்று வருடங்களுக்கு முன்பு மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் துறைக்கு அவரை மாற்றினார்கள். அங்கே நோயாளிகள் இல்லை. வரிசை இல்லை. ஒரு சின்ன அறை, சாய்ந்து உட்காரும் பெரிய நாற்காலி ஒன்று, சுவர் முழுக்க ஒலி புகாத நுரைப் பலகை. சுவர்க் கடிகாரத்தைக்கூட அதன் சத்தம் கூடாதென்று கழற்றிவிட்டிருந்தார்கள். முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்த அக்கா, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, "என் வயித்துக்குள்ள ஓடுறதெல்லாம் எனக்கே கேக்குது" என்றார்.

அந்த அறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள் ஓர் ஆய்வு மாணவி. லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளியின் மகள். அவள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள்தான். அக்கா அவளை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். "இன்னும் ஆகலக்கா" என்பாள் அவள். "இப்பவே கூப்பிட்டுப் பழகினாத்தான் அப்புறம் வாய் வரும்" என்பார் அக்கா.

அவளுடைய ஆராய்ச்சி என்னவென்று அக்காவுக்குப் புரியும்படி அவள் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னாள்.

"நம்ம உடம்புல நாம சொல்லாமலே வேலை செய்யிற நரம்புங்க இருக்குல்லக்கா, அதுல ரெண்டு கட்சி. ஒண்ணு, எந்நேரமும் ஆபத்து ஆபத்துன்னு கத்தி இதயத்தை விரட்டுறது. இன்னொண்ணு, ஒண்ணுமில்ல, உக்காருன்னு தோளைப் பிடிச்சு அமுக்கிறது. ரெண்டாவது கட்சிக்குத் தலைவர் வேகஸ்னு ஒரு நரம்பு. மூளையோட அடியிலேருந்து கிளம்பி நெஞ்சு, வயிறு வரைக்கும் போகும்."

"அது நல்லா வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"அதுக்குத்தான் நீங்க. மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாத் துடிக்கும், விடும்போது கொஞ்சம் மெதுவாகும். அந்த ஏத்த இறக்கம் நல்லா இருந்தா, வேகஸ் விழிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். துடிப்பு எல்லாம் ஒரே அளவுல, தையல் மிஷின் தையல் மாதிரி வந்தா, அது ஒதுங்கி உக்காந்திருக்குன்னு அர்த்தம்."

"சரி. உன் தலைப்புல ஆக்ஸிடோசின்னு இருக்கே, அது இதுல எங்க வந்துச்சு? அது பிரசவ வார்டுல வலி வர்றதுக்கு ஏத்துற மருந்தாச்சே."

"அதேதான். குழந்தை பிறக்கிறதுக்கும் பால் சுரக்கிறதுக்கும் மூளை அதைத்தான் அனுப்புது. ஆனா அது சுரக்கிற இடத்துலேருந்து ஒரு கிளை வேகஸ் கிளம்புற இடத்துக்கும் போகுது. அப்ப அந்த மருந்தை மூக்குல அடிச்சா இதயத்தோட ஏத்த இறக்கம் கூடுமா? கூடும்னு சிலர் எழுதியிருக்காங்க. அப்படியெல்லாம் இல்லைன்னு சிலர் எழுதியிருக்காங்க. நான் நம்ம அறையில பாக்கப் போறேன்."

செய்முறை இதுதான். கல்லூரிகளிலிருந்து இளைஞர்கள் வருவார்கள், ஆண்கள் மட்டும். மார்பில் மூன்று ஸ்டிக்கர், மூச்சை அளக்க ஒரு பட்டை, ஆபத்துக் கட்சியையும் கவனிக்க இடது கை விரலில் வியர்வையை அளக்கும் கவ்வி. மூக்கின் இரு துளையிலும் மும்மூன்று முறை ஸ்ப்ரே. பாதிப் பேருக்கு ஆக்ஸிடோசின், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். குப்பியில் எண் மட்டும் இருக்கும். எந்த எண் எது என்று மருந்தகத்தில் உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். அக்காவுக்கும் தெரியாது, மாணவிக்கும் தெரியாது. நாற்பது நிமிடம் காத்திருந்து, பிறகு பத்து நிமிடம் பதிவு. கணக்கிடப்போவது மாணவி என்பதால் வருகிறவர்களின் முகத்தைக்கூட அவள் பார்க்கக் கூடாது. ஆகவே மூடிய கதவுக்குள் அந்தப் பையனும் அக்காவும் மட்டும்தான்.

அக்காவுக்கு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். மேலே நான்கு கேள்விகள்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதா, காபி டீ குடித்தீர்களா, புகைத்தீர்களா, நேற்று எவ்வளவு நேரம் தூங்கினீர்கள். கீழே ஒரே ஒரு வரி: தேவையற்ற பேச்சு நடந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

எட்டு மாதத்தில் அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். அறுபத்திரண்டு படிவத்திலும் அக்கா 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

அந்த அறைக்குள் நடந்ததில் ஒரு துண்டு இது:

"சாப்பிட்டியாப்பா?"

"இல்லக்கா. ரெண்டு மணி நேரம் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்க."

"அது ரெண்டு மணி நேரம். அதுக்கு முன்னாடி?"

"எழுந்ததே பத்து மணிக்கு."

"அப்ப ராத்திரி சாப்பிட்டதுதான். என்ன சாப்பிட்ட?"

"பிஸ்கட்."

"பிஸ்கட்டா? உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"ஐயோ, சொல்லிடாதீங்க. கிளம்பி வந்துடுவாங்க."

"வரட்டுமே. வந்தா என்ன, உன்னைத் தூக்கிட்டா போயிடுவாங்க? சரி, சட்டையைக் கொஞ்சம் விலக்கு. பஞ்சு சில்லுன்னு இருக்கும், திட்டாத."

விடுதியில் தங்கிப் படிக்கும் பையன்கள்தான் அதிகம் வந்தார்கள். அம்மா சமையல், தம்பியோடு சண்டை, தேர்வில் போன பாடம், பேசாமல் போன பெண் என்று அந்த நாற்பது நிமிடத்தில் அக்காவிடம் கொட்டாதது ஒன்றுமில்லை. பதிவு நடக்கும் பத்து நிமிடம் மட்டும் அக்கா கண்டிப்பாக வாயை மூடிக்கொள்வார். அது விதி. அதை அவர் ஒருநாளும் மீறியதில்லை. அதற்கு முந்திய நாற்பது நிமிடத்தை அவர் பேச்சு என்றே நினைக்கவில்லை. பேச்சு என்றால் சினிமா, அரசியல், அடுத்த வீட்டுக்காரி. பயந்து வந்த பிள்ளையைச் சாப்பிட்டாயா என்று கேட்பது தேவையான வேலை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது மாதிரி.

நடுவில் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரல் நாண் வீங்கியிருக்கிறது, பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார் காது மூக்குத் தொண்டை மருத்துவர். வீட்டில் அவர் கணவர், லிஃப்ட் மெக்கானிக், "பேசக் கூடாதுங்கிற மருந்தை மாசாமாசம் வாங்கிக்கலாமா?" என்று கேட்டு முறைப்பை வாங்கிக்கொண்டார். அக்கா விடுப்பு எடுக்கவில்லை. நான்கு கேள்வியையும் அட்டையில் எழுதிக்கொண்டுபோய்க் காட்டினார். பையன்கள் விரலால் பதில் காட்டினார்கள். ஒன்பது பதிவுகள் அப்படி நடந்தன. பிறகு குரல் திரும்பியது. அதோடு அந்த விஷயம் மறந்துபோனது.

எட்டாம் மாதக் கடைசியில் உறையைத் திறந்தார்கள். மாணவி இரண்டு நாள் கணக்குப் போட்டாள். மூன்றாம் நாள் மதியம் அக்கா வயர்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வித்தியாசம் இல்லக்கா."

"எதுக்கும் எதுக்கும்?"

"மருந்துக்கும் உப்புத் தண்ணிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ரெண்டு பக்கமும் வேகஸ் ஜம்முனு வேலை செய்யுது."

"அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்க?"

"புரொபசர் மேடம் சொல்லிட்டாங்க, வித்தியாசம் இல்லைன்னு எழுது, அதுவும் ஒரு முடிவுதான்னு. அஞ்சு வாரத்துல குடுத்துடணும். ஏற்கெனவே ஒரு தடவை தேதியைத் தள்ளி வாங்கியாச்சு. ஒரு கல்லூரியில ஆசிரியர் வேலை எனக்காக நிறுத்தி வெச்சிருக்காங்க, ஆய்வேட்டைக் குடுத்த ரசீதைக் காட்டினாத்தான் அது எனக்கு. இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். அப்பாகிட்ட வேற சொல்லிட்டேன். அவர் லாரி ஆபீஸ் முழுக்கச் சொல்லிட்டார்." துடைத்து வைத்த வயர் ஒன்றை எடுத்துச் சுருட்டினாள். "எழுதிடுவேன். ஆனா மூணு வருஷம் ஒண்ணும் இல்லாததுக்கா ஓடினோம்னு இருக்கு."

அச்செடுத்த பதிவுகளை மருந்து, உப்புத் தண்ணீர் என்று மேசையில் இரண்டு அடுக்காக வைத்துவிட்டு அவள் முகம் கழுவப் போனாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உப்புத் தண்ணீர் அடுக்கை எடுத்துப் புரட்டினார். கணக்கு அவருக்கு வராது. கோடு வரும். ஒவ்வொரு தாளிலும் துடிப்புகள் மூச்சோடு சேர்ந்து நெருங்குவதும் விலகுவதுமாக, சோம்பலாக, அழகாக ஓடின. நடுவில் ஒரு தாள் மட்டும் தையல் மிஷின். இன்னும் சிலவற்றைத் தள்ளி மறுபடி ஒன்று. மொத்தம் நான்கு. நான்கையும் தனியே எடுத்து மேல் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தார். எல்லாம் ஒரே பத்து நாளுக்குள்.

அக்காவின் கை தானாகத் தொண்டைக்குப் போனது.

மருந்து அடுக்கில் அதே பத்து நாளில் ஐந்து தாள்கள் இருந்தன. ஐந்தில் நான்கு நன்றாக ஏறி இறங்கின. ஆக, அறையில் அக்கா வாயை மூடிக்கொண்டிருந்த அந்தப் பத்து நாளில் மட்டும் மருந்துக்கும் உப்புத் தண்ணீருக்கும் வித்தியாசம் இருந்தது. அவர் பேசிய நாட்களில் இல்லை. மருந்து செய்ய வேண்டியதை அவர் வாய் முந்திக்கொண்டு செய்துவிட்டிருந்தது.

மாணவி திரும்பி வருவதற்குள் தாள்களை இருந்தபடியே அடுக்கி வைத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டார்.

சாயங்காலம் துணி மடிக்கும்போது கணவரிடம் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரு சட்டையை உதறினார்.

"டிக் போட்டது நீதானே?"

"நான்தான்."

"பொய்யாப் போட்டியா?"

"அப்ப பொய்யில்ல. இப்பப் பாத்தா பொய்."

"சொல்லலன்னா என்ன ஆகும்?"

"ஆக்ஸிடோசினுக்கும் இதயத்து நரம்புக்கும் சம்பந்தமில்லைன்னு அவ புத்தகத்துல ஏறிடும்."

"யாரு படிக்கப் போறா, நானா?"

"நீங்க படிக்க மாட்டீங்க. ஆனா யாரோ ஒருத்தர் அதை நம்பி, இந்த வழியில ஒண்ணுமில்லைன்னு திரும்பிப் போவாங்க."

"சொன்னா?"

"அந்தப் பொண்ணு வேலை போயிடும். என்னையும் கேப்பாங்க. இருபத்தொரு வருஷம், அங்க மூணு வருஷம். ஒருத்தரும் இதுவரைக்கும் என் பதிவைத் தப்புன்னு சொன்னதில்ல."

கணவர் சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தார். "நான் ஒரு போல்ட்டை முடுக்காம வந்துட்டேன்னு வெச்சுக்க. வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஞாபகம் வருது. அந்தக் கட்டடத்துக்காரன் என்னைத் திட்டுவானேன்னு யோசிப்பேன்தான். ஆனா யோசிச்சுக்கிட்டே சைக்கிளை எடுத்திருப்பேன்."

"உங்களுக்கென்ன, லிஃப்ட்டுக்கு வாயில்ல."

"உனக்கு இருக்கிறதுதானே பிரச்சினை" என்றார் அவர். அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஒதுக்கிவிட்டுக் கால்சட்டைகளை எடுத்து மடித்தார்.

மறுநாள் காலை மாணவி கணினியைத் திறப்பதற்கு முன்பே அக்கா அவள் எதிரில் போய் நின்றார்.

"டாக்டரம்மா, நான் பேசியிருக்கேன்."

"யார்கிட்டக்கா?"

"எல்லார்கிட்டயும். அந்த அறையில. அம்பத்திமூணு பேர்கிட்ட."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அக்கா அந்த நான்கு தாளையும் ஐந்து தாளையும் எடுத்து முன்னால் வைத்து, தேதியைக் காட்டி, தொண்டை கட்டியதைச் சொன்னார். மாணவி தாள்களைப் பார்த்தாள். பிறகு படிவக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"அக்கா, இல்லைன்னு டிக் போட்டிருக்கீங்க."

"போட்டேன்."

"அறுபத்திரண்டு தடவை."

"எண்ணிட்டேன். ஒம்பது சரி. அம்பத்திமூணு தப்பு."

"என்ன பேசினீங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"அது ஃபாரத்துலயே இருக்கே."

"அதுக்கப்புறமும் கேட்டேன். யாரு சமைச்சா, வீட்டுக்கு எப்பப் போற, ஏன் இளைச்சிருக்க. ஒருத்தன் அழுதான், தட்டிக் குடுத்தேன். இதெல்லாம் தேவையற்ற பேச்சுன்னு எனக்குத் தோணல. இதைக்கூடக் கேக்காம எப்படி ஒரு பிள்ளை நெஞ்சுல கை வைக்கிறது?"

மாணவி படிவங்களைத் தட்டி நேராக்கி வைத்தாள். "நீங்க இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று அக்காவுக்குத் தெரியவில்லை. மாணவி எழுந்து பேராசிரியரின் அறைக்குப் போனாள். அக்காவும் பின்னாலேயே போனார்.

பேராசிரியர் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. யாரையும் திட்டாதவர், திட்டியிருந்தால் தேவலை என்று எல்லோரையும் நினைக்கவைப்பவர். கண்ணாடியைக் கழற்றி அக்காவைப் பார்த்தார்.

"மூக்கு வழியா மருந்து போனா வேகஸ் அசையுதான்னு பாக்க உக்காந்தோம். நீங்க காது வழியாப் போயிருக்கீங்க. அந்த நரம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஏற்கெனவே நிறைஞ்ச குடத்துல மேல ஊத்தினா எவ்வளவு ஊத்தினோம்னு தெரியுமா?"

"மேடம்," என்றாள் மாணவி, "அக்கா பேச்சுல பசங்களுக்கு உள்ளயே ஆக்ஸிடோசின் சுரந்திருக்குமோ? அதையே எழுதலாமே?"

"சுரந்துதோ, வெறுமனே பயம் போச்சோ, ரத்தம் எடுத்துப் பாத்தியா? அளக்காததை எழுதக் கூடாது. அந்த ஒம்பதை மட்டும் வெச்சும் எழுத முடியாது, ரொம்பக் கம்மி." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ரெண்டு வழி. வித்தியாசம் இல்லைன்னு எழுதி, பதிவு எடுத்தவங்க பேசினாங்கன்னு அடியில ஒரு வரி போட்டு, தேதிக்குள்ள குடுத்துடலாம். யாரும் உன்னைத் தப்புச் சொல்ல முடியாது. இல்லன்னா புதுசா நாப்பது பேரை வெச்சு எடுக்கணும். அதுக்கு ஆறு மாசம் ஆகும். நீயே சொல்லு."

மாணவி யோசிக்க அவகாசம் கேட்டாள். அடுத்த நான்கு நாள் அக்காவிடம் பேசவில்லை. காலையில் அக்கா நிற்கும் நடையைத் தவிர்த்துப் பின்வாசல் வழியாக வந்தாள். அக்கா இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை அவள் மேசையில் வைப்பார். மாலையில் அது ஆடை கட்டி அப்படியே இருக்கும். எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டுவார்.

ஐந்தாம் நாள் டீ தீர்ந்திருந்தது. டம்ளருக்குக் கீழே ஒரு தாள். நாற்பது பேருக்கான புதிய கால அட்டவணை.

"அந்த வேலை?" என்றார் அக்கா.

"வேற ஆளுக்குக் குடுத்துடுங்கன்னு கடிதம் போட்டுட்டேன்."

"அப்பா?"

"லாரி ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் போய், இன்னும் ஆறு மாசம்னு சொல்லிக்கிட்டிருக்கார். அதையும் ஏதோ பரிசு கிடைச்ச மாதிரிதான் சொல்றாராம்." அவள் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு உங்க மேல கோபம் இருக்குக்கா. ஆனா பதிவு எடுக்க உங்களைவிட்டா ஆளில்ல."

"கோபம் இருந்தா இருக்கட்டும். டீயை மட்டும் குடிச்சிடு."

புதிய படிவத்தில் 'தேவையற்ற' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். பேச்சு நடந்ததா, அவ்வளவுதான். ஆனால் பையனிடம் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும், உட்காருங்கள், சட்டையை விலக்குங்கள் என்று. மாணவி பதினொரு வாக்கியம் எழுதினாள். எல்லோருக்கும் அதே பதினொன்று, அதே குரலில். அக்கா படிக்க, கைபேசியில் பதிவு செய்து பார்த்தார்கள்.

"'இடது கையை நீட்டவும்.'"

"அக்கா, பாசமா இருக்கு."

"இதுல எங்கடி பாசம் இருக்கு? நீட்டவும்னுதானே இருக்கு?"

"நீங்க சொன்னா, நீட்டினா ஏதோ கைல வெச்சுக் குடுப்பீங்க போல இருக்கு. இன்னொரு தடவை."

பன்னிரண்டு தடவை முயன்றார்கள். கடைசியில் அக்காவே வழி சொன்னார். துறை அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இருந்தார். எந்தக் காகிதத்தைக் கொண்டுபோனாலும் முதலில் 'இதில் முத்திரை இல்லை' என்று சொல்வதால் அவருக்கு முத்திரை என்றே பெயர். அவரைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னார்கள். ஒரே தடவையில் முடிந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் முத்திரை.

"பிரமாதம் சார்," என்றார் அக்கா. "சுரந்திருந்ததுகூட உள்ள ஓடிப் போயிடும்."

அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பாராட்டும்தான்.

இரண்டாம் சுற்று தொடங்கியது. முதலில் வந்த பையன் ஒல்லியாக, நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தான். ஒலிபெருக்கியில் முத்திரையின் குரல் உட்காரச் சொன்னது. உட்கார்ந்தான். சட்டையை விலக்கச் சொன்னது. விலக்கினான். அக்கா ஸ்டிக்கரை ஒட்டினார். அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா பட்டையின் கொக்கியைப் பார்த்தார். நாற்பது நிமிடம். திரையில் துடிப்பு நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறிலேயே நின்றது; ஒரே அளவுத் தையல். எழுந்துபோய்த் தோளைத் தொட்டு, ஒன்றுமில்லையப்பா என்றால் போதும், எழுபத்தெட்டுக்கு இறங்கிவிடும் என்று அக்காவுக்குத் தெரியும். அது அவருக்குத் தெரிந்த தொழில். நாக்கைப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதிவு முடிந்து வயர்களைக் கழற்றியதும் அந்தப் பையன், "அந்த அம்மாவுக்குப் பேச்சு வராதா?" என்று வாசலில் யாரிடமோ கேட்டது அவர் காதில் விழுந்தது. படிவத்தில் 'இல்லை' என்று டிக் போட்டார். அன்று அந்த டிக்கைப் போட வெகு நேரம் ஆனது.

நாற்பது பேர் முடிய ஐந்தரை மாதம். உறையைத் திறந்தபோது வித்தியாசம் இருந்தது. பெரிய வித்தியாசமில்லை. மருந்து போனவர்களுக்கு மூச்சோடு சேர்ந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம் கூடுதல். எல்லோருக்கும் இல்லை, பலருக்கு. வியர்வையின் அளவில் ஒன்றும் மாறவில்லை. 'இந்த அறையில், இந்த வயதினரிடம், இந்த அளவு மருந்தில்' என்று மூன்று வேலி போட்டுத்தான் மாணவி அதை எழுதினாள். முதல் அறுபத்திரண்டையும் தூக்கிப் போடவில்லை. தனி அத்தியாயமாக, நடந்ததை நடந்தபடி எழுதினாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார். மாணவி தடுமாறாமல் பதில் சொன்னாள். அவளுடைய அப்பா கடைசி வரிசையில் சலவைச் சட்டையோடு, ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் தேர்வாளர், பதிவு எடுத்தவரைப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா வயர்க் கொத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"முதல் சுற்றுல பேசினீங்க. அதை நீங்களே வந்து சொன்னீங்கன்னு எழுதியிருக்காங்க. ரெண்டாவது சுற்றுல வர்றவங்களை எந்த விதத்துலயும் சாந்தப்படுத்தலன்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். 'முடியும்' என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். கடைசி வரிசைத் தலை இப்போதே ஆடத் தொடங்கியிருந்தது.

"பேசல. தொடல. சிரிக்கல," என்றார் அக்கா. பிறகு, "ஆனா மூச்சு விட்டேன் சார்" என்றார்.

"எல்லாரும்தான் விடுறோம்."

"அப்படியில்ல. பையன் பதட்டமா உக்காந்திருந்தா எனக்கும் நெஞ்சு அடைக்கும். பேச முடியாதேன்னு நான் மெதுவா, நீளமா மூச்சை இழுத்து இழுத்து விடுவேன். போன வாரம்தான் கவனிச்சேன், என் நாற்காலி அவங்க எதிர்லயே இருக்கு. என் தோள் ஏறி இறங்கிறது அவங்களுக்குத் தெரியும். பாத்துக்கிட்டே அவங்களும் மெதுவா விட்டாங்களோ என்னவோ. தெரியல."

மாணவி கண்ணை மூடிக்கொண்டாள். பேராசிரியர் மேசையில் பேனாவை வைத்தார்.

தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி மூச்சுப் பட்டையின் அட்டவணை இருந்த பக்கத்தை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு பக்கத்தினரும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் மூச்சு விட்டிருந்தார்கள். "அப்படியே விட்டிருந்தாலும் ரெண்டு குழுவும் உங்களைப் பாத்துத்தான் விட்டிருக்கு," என்றார். "முடிவு விழாது. மருந்தோட வேலை கொஞ்சம் கம்மியாத் தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்." மாணவியின் பக்கம் திரும்பினார். "இதை ஒரு பத்தி எழுதிச் சேர்த்துடுங்க, டாக்டர். மத்ததெல்லாம் சரி."

கடைசி வரிசையில் இருந்தவருக்கு அந்த ஒரு சொல் மட்டும் புரிந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார். நின்றபின் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

அந்தப் பத்தியை எழுத அவளுக்கு இரண்டு நாள் ஆனது. எழுதியதும் அக்காவிடம் படித்துக் காட்டினாள். அக்கா ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றச் சொன்னார். 'பதிவு எடுத்தவர் மெதுவாக மூச்சு விட்டிருக்கக்கூடும்' என்றிருந்ததை 'விட்டார்' என்று ஆக்கினார்கள்.

அடுத்த வாரம் வேறோர் ஆராய்ச்சிக்காக அறையை ஒழுங்குபடுத்தினார்கள். வருகிறவருக்கு அக்காவின் தோள் தெரியாதபடி அவர் நாற்காலியை ஒரு தடுப்புத் திரைக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்கள். தரையில் நான்கு காலுக்கும் டேப் ஒட்டி இடம் குறித்தார்கள்.